புல்லில் நிற்பதாகச் சொன்ன விமானம்

வீட்டுக் கராஜுகளில் விமானம் கட்டுகிறவர்களின் வேலையைப் பரிசோதிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு இதைச் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேர் எர்லாங்கனில் மின்னணு வேலை பார்க்கிறீர்கள். மிச்சப்பேர் கார்ஹிங்கில் படித்து முடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். சட்டதிட்டங்கள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரிவெட் எப்படி அடிப்பது, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது, வாசியுங்கள். நான் சொல்ல வந்தது கைநூலில் இல்லாத சங்கதி. கேட்டுவிட்டு "அக்காவுக்கு வயசு போட்டுது" என்று வெளியே போய்ச் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஹனோவரில் விமானக் கருவிகள் திருத்தும் ஒரு பட்டறையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தவள். உயரம் காட்டும் கருவி, வேகம் காட்டும் கருவி, இவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தே என் கண் கெட்டது. பிற்காலத்தில்தான் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குப் பரிசோதகராகப் போனேன். பறப்பதென்றால் எனக்கு இன்றைக்கும் பயம். அதை நான் யாருக்கும் மறைத்ததில்லை.

ரஞ்சன் ஹனோவரில் ட்ராம் ஓட்டுகிறவர். நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வீடு வாங்கியிருந்தார். மனைவி மாலினி முதியோர் இல்லத்தில் தாதி. இவர் பறக்கப் பழகி, உரிமமும் எடுத்து, கடைசியில் அரைகுறையாகக் கட்டிய ஒரு இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் ஜாதிதான். அதை முதலில் கட்டத் தொடங்கியவர் ஒரு ஜெர்மன்காரர். உடம்பும் வாலும் கட்டி, கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துப் பூட்டியும் விட்டார். இறக்கை பொருத்த முன்னர் ஆள் செத்துப்போய்விட்டார். அவருடைய மனைவி கராஜுக்குள் வரவில்லையாம். வீட்டு வாசலில் நின்று கராஜ் திறப்பை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். உள்ளே போய்ப் பார்த்தால் விமானியின் இருக்கையில் அந்த மனிதரின் ஜக்கெட் கிடந்தது. யாரோ எழும்பிப் போனது போல இருந்தது என்று ரஞ்சன் சொன்னார். அதை எடுத்துத் தன் கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். எறிய மனம் வரவில்லையாம்.

செத்தவர் கட்டிய விமானத்தைப் பரிசோதிப்பது வேறு மாதிரியான வேலை. உயிரோடு இருக்கிறவரிடம் "இதை ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்கலாம். இவரிடம் கேட்க ஏலாது. ஒரு நாள் வாலுக்குள்ளே, குப்புறப் படுத்து, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, ரஞ்சன் கடைக்குப் போயிருந்தார். என் காதுக்குப் பக்கத்தில், தகட்டுக்கு வெளியே, யாரோ தட்டினார்கள். கதவு தட்டுவது போலப் பதமாகத்தான் தட்டினார்கள். "ஆர்?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டு.

மெல்லப் பின்னால் ஊர்ந்து வெளியே வந்து பார்த்தேன். கராஜில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் மட்டும் ஜன்னலால் விழுந்து விமானத்தின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. மெல்லிய தகடு சூடேறினால் உள்வளைவு வெளிவளைவாகத் திரும்பும்போது இப்படிச் சத்தம் போடும். கைநூலில் உள்ள விஷயம்தான், நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே நான் அன்றைக்கு அந்த வாலுக்குள் திரும்பப் போகவில்லை. ரஞ்சன் வரும்வரை வெளியே தோட்டத்தில் நின்றேன்.

மாலினியும் அந்தத் தட்டலைக் கேட்டிருக்கிறா. அதுவும் முகில் மூடிய நாட்களில். ரஞ்சனிடம் சொல்லியிருக்கிறா, அவர் சிரித்திருக்கிறார். "அது தகரம் சத்தம் போடுது. இதை அக்காவிட்டைப் போய்ச் சொல்லிப்போடாதை, மானம் போயிடும்" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த நாட்களில் நான் போகும்போது மாலினி தேத்தண்ணி கொண்டுவந்து தருவா. கராஜ் வாசலோடு நின்றுவிடுவா. ஒரு காலை உள்ளே வைக்க மாட்டா. வீட்டுச் செருப்பு அழுக்காகிவிடும் என்றுதான் நிற்கிறா என்று நினைத்தேன்.

விமானம் முடிந்தது. கிராமத்துக்குப் பக்கத்தில் புல் ஓடுபாதையுள்ள சின்ன விமானத்திடலுக்குக் கொண்டுபோனோம். ஒரு அனுபவசாலியான சோதனை விமானி முதல் பறப்புகளைச் செய்து, ஒரு குறையும் இல்லை என்று கொடுத்தார். அடுத்தது ரஞ்சன் தானே ஓட்ட வேண்டியது. அளவீடுகளைக் குறித்துக்கொள்ளப் பக்கத்து இருக்கையில் ஒருவர் போகலாம் என்று அனுமதி இருந்தது. நான் போவதாக ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். அந்தக் கருவிகள் மேலே எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது.

இலையுதிர்காலத்துக் காலை. வெயில் எழும்பி, திடல் பளிச்சென்று இருந்தது. வயல்களுக்கு அப்பால், கால்வாய்ப் பக்கம் மட்டும் மூடுபனி வெள்ளையாகப் படுத்திருந்தது. ரஞ்சன் எனக்கு முன்னரே வந்து, சுற்றிப் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருந்தார். விமானம் துடைத்தெடுத்தது போல மினுங்கியது. அவர் முகம் மட்டும் சரியில்லை.

"நித்திரை கொள்ளேல்லையோ?" என்றேன்.

"கொண்டனான் அக்கா. ஏறுங்கோ, வெளிக்கிடுவம்."

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியதும் ஒரு மெல்லிய வாசம் வந்தது. தெரிந்த வாசம், ஆனால் அந்த இடத்தில் இருக்கக்கூடாத வாசம். எரிபொருளோ, ரப்பரோ, புதுப் பெயிண்டோ இல்லை. யோசிப்பதற்குள் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது.

புல்லில் ஓடும்போது வேக ஊசி ஒழுங்காக ஏறியது. சக்கரம் நிலத்தை விட்டது. மரங்கள் கீழே போயின. என் கண் பழக்கதோஷத்தில் கருவிகளில் இருந்தது. உயரம் காட்டும் ஊசி அசையவில்லை. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் ஊசி நடுவில் செத்துக் கிடந்தது. வேக ஊசி மெல்ல மெல்லக் கீழே வரத் தொடங்கியது.

ரஞ்சன் உடனே மூக்கைத் தாழ்த்தினார். வேகம் குறைந்தால் விமானம் விழும், மூக்கைத் தாழ்த்தினால் வேகம் வரும். பழக்கியது அப்படித்தான். நாங்கள் இறங்க, வேக ஊசி மறுபடி உயிர் பெற்று ஏறியது. அவர் பெருமூச்சு விட்டு மூக்கைத் தூக்கினார். தூக்கியதும் ஊசி விழுந்தது. திரும்பத் தாழ்த்தினார், ஊசி எழுந்தது. ஒவ்வொரு முறையும் முன்பைவிட நிலம் கிட்ட வந்தது.

"விடுதில்லை அக்கா," என்றார். குரல் அவருடையது போல இல்லை. "மேலை போக விடுதில்லை. கீழை போனாத்தான் விடுது."

"ஆர் விடுதில்லை?"

பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் இருந்தது அந்த மனிதர் தேடித் தேடிச் சேர்த்த கருவிகள். அவர் ஒருநாளும் பறக்காத விமானம். அந்தக் கருவிகள் மூன்றும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: நீங்கள் இன்னும் புல்லில்தான் நிற்கிறீர்கள், உயரமும் இல்லை, ஏற்றமும் இல்லை, வேகமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூடுபனி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் யாராவது தகட்டைத் தட்டியிருந்தால் நான் கதவைத் திறந்துகொண்டு குதித்திருப்பேன்.

றேடியோவில் திடலில் இருந்தவர் பேசினார். மூடுபனி ஓடுபாதையின் மேற்கு முனைக்கு வந்துவிட்டது, வருவதென்றால் கெதியாக வாருங்கள் என்றார். ரஞ்சன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கண் வேக ஊசியில் குத்திட்டு நின்றது. ட்ராம் ஓட்டுகிறவருக்கு சிக்னல் சிவப்பென்றால் சிவப்புத்தான். பாதை வெறுமையாகக் கிடந்தாலும் போக மாட்டார். அப்படி ஒழுங்கான மனிதர். அந்த ஒழுங்குதான் எங்களை நிலத்துக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

அப்போது முன்னால், மூடுபனிக்குள்ளிருந்து, ஒரு நீண்ட வெள்ளை இறக்கை சத்தமில்லாமல் மேலே எழும்பியது. உச்சிவரை வந்து, சரிந்து, பனிக்குள் போனது. அதன் பின்னால் இன்னொன்று எழும்பியது. பக்கத்தில் வேறு ஒன்று. கம்பமும் இல்லை, உடம்பும் இல்லை, இறக்கைகள் மட்டும் அவசரமே இல்லாமல் எழும்பி எழும்பித் தாழ்ந்தன. காற்றாலைகள் என்று விளங்க எனக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. நாங்கள் அவற்றின் மட்டத்தில் பறந்துகொண்டிருந்தோம். அவற்றை நோக்கியே பறந்துகொண்டிருந்தோம்.

இந்த இடத்தில்தான், பிள்ளைகள், வடிவாகக் கேளுங்கள். பயந்த மனிதனிடம் "பயப்படாதை" என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. "கருவி பொய் சொல்லுது" என்றாலும் அவன் நம்ப மாட்டான். அவனுக்கு நம்புவதற்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். நான் குறிப்பெடுக்கக் கொண்டுபோன மட்டையைத் தூக்கி மூன்று ஊசிகளுக்கும் முன்னால் பிடித்து மறைத்தேன்.

"ரஞ்சன், எஞ்சின் சத்தம் கேக்குதோ?"

"ஓம்."

"ஏறேக்கை கேட்ட சத்தம்தானே?"

"ஓம்... ஓம் அக்கா."

"ஓட்டுற கைப்பிடி இறுக்கமா இருக்கோ, தொளதொளவெண்டு கிடக்கோ?"

"இறுக்கம்."

"அப்ப வேகம் கிடக்கு. முழுசாக் குடுங்கோ. முன்னுக்குப் பாருங்கோ, ஏறுங்கோ. இஞ்சாலை பாக்கக்கூடாது."

அவர் முழு விசையும் கொடுத்தார். மூக்கு உயர்ந்தது. மட்டைக்குப் பின்னால் வேக ஊசி விழுந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளை இறக்கை எங்கள் வலப்பக்கத்தில், கிட்டத்தில், எழும்பி நின்று பிறகு கீழே போனது. பிறகு எல்லாம் காலடியில் கிடந்தன.

மட்டையை எடுத்தபோது வேக ஊசி பூச்சியத்தில் இருந்தது. நாங்கள் நீல வானத்தில், வெயிலில், நிற்கிறோமாம். நான் அந்தக் கருவிகளோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தவள், ஆனால் ஒரு கருவிப் பலகையைப் பார்த்து அன்றைக்கு அருவருப்பு வந்தது போல என்றைக்கும் வந்ததில்லை. பயம் போகட்டும் என்று வேலையை யோசித்தேன். இந்த மூன்று கருவிகளும் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒரே குழாயால்தான் வாங்குகின்றன. விமானத்தின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஊசித்துளை, அதிலிருந்து அந்தக் குழாய். துளைகள் அடைபட்டால் குழாய்க்குள் நிலத்துக் காற்றே சிறைப்பட்டிருக்கும். கருவிகளும் நிலத்தில் நிற்பதாகத்தான் சொல்லும். ஏற ஏற, ஊசி காட்டும் வேகமும் செத்துப்போகும். வழி ஒன்றுதான். குழாய்க்குள் வேறு எங்காவது காற்றை விட வேண்டும்.

பொக்கெட்டில் இடுக்குகளுக்குள் பார்க்கும் பரிசோதகரின் சின்னக் கண்ணாடி இருந்தது, நீண்ட இரும்புக் காம்புள்ளது. மூன்றில் இல்லாமல் சமாளிக்கக்கூடியது ஏற்ற இறக்கம் காட்டும் கருவிதான். அதன் முகத்தில் காம்பின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தேன்.

"ஐயோ, அது அந்த மனுசன்ரை சாமான்!" என்று ரஞ்சன் கத்தினார்.

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்," என்று இன்னொரு அடி அடித்தேன். கருவியின் கண்ணாடி சில்லாகி மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உயர ஊசி, நித்திரையால் எழும்புகிறவர் போல மெல்ல அசைந்து, ஏறி, ஏறி, நாங்கள் உண்மையாக இருந்த இடத்துக்கு வந்து நின்றது. வேக ஊசியும் வந்தது. ரஞ்சன் அழுதுகொண்டே திடலுக்குத் திருப்பினார். ஓடுபாதையின் அரைவாசி மூடுபனிக்குள் போயிருந்தது. மிச்ச அரைவாசியில் அவர் மிக அழகாக இறக்கினார். அதற்காக அவரை என்றைக்கும் மெச்சுவேன்.

இறங்கியதும் நான் நேரே ஒரு பக்கத்து ஊசித்துளைக்குப் போனேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. ஊசியை விட்டுக் கிண்டியபோது மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மணந்து பார்த்தேன். சந்தனம். மற்றப் பக்கமும் சந்தனம்.

ரஞ்சன் புல்லில் குந்தியிருந்து சொன்னார். முதல் நாள் பின்னேரம் மாலினி அவருக்குத் தெரியாமல் விமானக் கொட்டகையின் திறப்பை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்து, விமானத்துக்குப் பூசை செய்திருக்கிறா. தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறா. புதுக் காருக்கு எங்கள் ஆட்கள் செய்வதுதான். அந்தத் துளை ஒரு சின்ன வட்டமான, மினுங்கும் தகட்டின் நடுவில் இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த இடம் மாதிரி. இரண்டு பக்கமும் பார்த்து வைத்திருக்கிறா. காலையில் ரஞ்சன் வந்து பார்த்துத் திடுக்கிட்டு, நான் வருமுன்னர் ஈரத்துணியால் எல்லாவற்றையும் அவசர அவசரமாகத் துடைத்திருக்கிறார். துடைத்த துடைப்பில் சந்தனம் துளைக்குள் போய் இறுகிவிட்டது.

"துடைக்காம விட்டிருந்தா நான் கண்டிருப்பனே," என்றேன்.

"நீங்கள் சிரிப்பியள் எண்டு நினைச்சன் அக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவது பெரிதில்லை, நான் சிரிப்பதுதான் பெரிதாம். ஏச வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"அவவுக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "அவ தாங்க மாட்டா."

இதுவும் நீங்கள் தீர்மானிக்க வேண்டி வரும் சந்தர்ப்பம்தான். நான் சொல்வதென்றே தீர்மானித்தேன். மறைத்ததால்தான் இந்த நிலைமை, அதற்கு மேல் இன்னொரு மறைப்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாலினியைத் திடலுக்கே கூப்பிட்டு, ஊசி முனையிலிருந்த மஞ்சளைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவ புருஷனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றா. கடைசியில் என்னிடம், "செத்த அந்தாள் சாந்தியா இருக்கட்டும் எண்டுதான் வைச்சனான். எங்கை வைச்சா இவருக்கு ஆபத்தில்லை, அதைக் காட்டுங்கோ," என்றா.

நான் காட்டினேன். விமானத்தைச் சுற்றி நடந்து, எந்தத் துளை எதற்கு, எது மூச்சு விடும் இடம், எங்கே ஒரு தூசியும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இடப்பக்கக் கதவின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைக்கலாம் என்றேன். மாலினி கேட்ட கேள்விகள் ரஞ்சன் என்னிடம் ஒருநாளும் கேட்காதவை.

கண்ணாடி உடைந்த கருவியை மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து, எல்லாம் திரும்பச் சோதித்த பிறகு மறுபடி ஒரு காலை. மூவரும் திடலில் நின்றோம். விமானம் பறக்கலாம் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். ரஞ்சன் நிமிர்ந்து நின்று, தானே எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகவும் ஒரு குறையும் இல்லையென்றும் சொன்னார். நான் பேனாவை மூடிவிட்டு, கைநூலில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். அன்றிலிருந்து நான் பரிசோதித்த ஒவ்வொரு வீட்டிலும் அதைத்தான் முதலில் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

"வீட்டிலை ஆர் பயந்துபோய் இருக்கினம்?"

ரஞ்சன் மாலினியைப் பார்த்தார். மாலினி அவரைப் பார்த்தா. நான் இரண்டு பேரையும் பார்க்காமல் நின்றேன்.

"நான்தான் அக்கா," என்றார் ரஞ்சன்.

அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.